சுடரின் நோய் சுடரில் இல்லை



இந்த இலக்கியத் தொடரில் இன்று ஒரு விளக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விளக்கு நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் தத்தம் திருவந்தாதியை விளக்கேற்றியே தொடங்கினார்கள். பூதத்தாழ்வார் தகளி, நெய், திரி என்று விளக்கின் உறுப்புக்களுக்கு ஞானப் பொருள் கற்பித்தார். நான் பேசப்போகும் விளக்கு அத்தகைய பெருமை உடையதன்று. பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு சிறு நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்ட விரும்பும் மாணவன், தகரப் பேணியும் துண்டுக் குழாயும் கொண்டு வீட்டில் செய்துகொள்ளும் ஸ்பிரிட் விளக்கு அது. அதற்கும் தகளி உண்டு, திரி உண்டு. நெய்க்குப் பதிலாக ஸ்பிரிட் உண்டு. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாததால் நாம் எண்ணாமல் விட்டுவிடும் நான்காவது உறுப்பு ஒன்றும் உண்டு. அதுதான் காற்று.

அந்த மாணவன் ஆலங்குடாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் கரையோரத்தில், மணலும் தென்னையும் கடற்காற்றுமாக இருக்கும் ஊர் அது. அங்கிருந்து அதிக தொலைவில் இல்லாத நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு லக்விஜய அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2014இல் அது 900 மெகாவாற் கொள்ளளவை எட்டியது. நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றுவதே அதன் வேலை. நம் நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் ஒரு நீராவி இயந்திரமே. அதன் அயலில் வாழும் பிள்ளை ஒருவன், “நானும் ஒன்று செய்து பார்க்கிறேன்” என்று புறப்பட்டால் அதில் வியப்பில்லை.

இயந்திரம் தயார். விளக்கும் தயார். தீக்குச்சியைக் கிழித்து வைக்கிறான். சுடர் அழகாக எழுகிறது. இரண்டு நிமிடத்தில் சோர்ந்து படுக்கிறது. அல்லது திடீரென்று பொங்கி, கலத்தைச் சுற்றி வழிந்து எரிகிறது. இயந்திரம் நாலு முறை மூச்சு விட்டு நின்று விடுகிறது. “தம்பி, உன்னுடைய விளக்குச் சரியில்லை” என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். எது சரியில்லை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

நாலு முறை மூச்சு விட்டு நின்ற மாதிரி இயந்திரம் ஒன்று உலக வரலாற்றையே மாற்றியிருக்கிறது. 1763ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட் என்ற இளைஞரிடம், வகுப்பில் காட்டுவதற்கான நியூகொமன் நீராவி இயந்திரத்தின் மாதிரி ஒன்று திருத்துவதற்கு வந்தது. அது சில அடிகள் இயங்கும், பிறகு ஆவி போதாமல் நின்றுவிடும். தீ போதாது, கொதிகலன் சிறிது என்று எண்ணி நெருப்பைக் கூட்டுவதுதான் எவருக்கும் தோன்றும் வழி. வாட் அளந்து பார்த்தார். உருளையைத் தண்ணீரால் குளிர்விப்பதும், மறுபடி ஆவியால் சூடாக்குவதுமாக ஒவ்வோர் அடியிலும் பெரும்பங்கு ஆவி வீணாவதைக் கண்டார். குறை நெருப்பில் இல்லை, உருளையில் இருந்தது. 1765இல் ஆவியைத் தனியான ஓர் அறையில் குளிர்விக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு மாதிரி இயந்திரத்தின் பழுதைப் பொறுமையாகத் தேடியதன் விளைவு அது.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மருத்துவனுக்குச் சொன்ன ஒழுங்கும் இதுவே. நோய் இன்னதென்று தெளி, அதன் காரணத்தைத் தேடு, தணிக்கும் வழியை அறி, பிறகு பொருந்தச் செய் என்கிறார். நம் மாணவனும் சுடருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவனே. அவன் செய்யவேண்டிய முதற் சோதனை மிக எளிது. விளக்கை இயந்திரத்துக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, காற்றில்லாத இடத்தில், மணல் பரப்பிய தகரத் தட்டின் மேல் வைத்து, பத்து நிமிடம் தனியே எரியவிட்டுப் பார்க்கவேண்டும். வெளியே ஒழுங்காக எரிந்து, உள்ளே வைத்தால் மட்டும் குழம்புமானால் நோய் உலைக்கூட்டில் இருக்கிறது. வெளியேயும் குழம்பினால் நோய் விளக்கில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சமாக்கிவிடும். அதன் பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும். திரியையும் துளையையும் ஒன்றாக மாற்றினால் எது நோயைத் தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும்.

இனி நோய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுடர் நன்றாக எழுந்து, சில நிமிடங்களில் மெல்ல மெல்லச் சிறுத்து அணைகிறதா? மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே உயிர் பெற்றால் விளக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. திரி வழியாக ஸ்பிரிட் மேலேற ஏற, கலத்துக்குள் அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே அமுக்கம் குறைந்து, ஸ்பிரிட் மேலேற மறுக்கும். இளநீருக்கு ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் அது தயங்கித் தயங்கித்தான் வரும், இரண்டாவது துளை இட்டால் ஒழுகி வரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. மூடியில், சுடருக்கு எட்டத்தில், ஊசிமுனை அளவில் ஒரு மூச்சுத்துளை போதும்.

அதற்கு எதிரான நோய், சுடர் நேரம் செல்லச் செல்லப் பெருத்துப் பொங்குவது. இது ஆபத்தானது. தண்ணீர் கொதிப்பது 100 பாகை செல்சியசில். ஸ்பிரிட்டில் பெரும்பகுதியான எதனோல் கொதிப்பது 78 பாகையில். அதில் கலக்கும் மெதனோலோ 65 பாகையிலேயே கொதிக்கும். அப்படியானால், நீரைக் கொதிக்க வைக்கும் அடுப்புக்கு நேர் கீழே ஸ்பிரிட் கலத்தை வைத்தால் எது முந்திக் கொதிக்கும் என்று கேட்கத் தேவையில்லை. கலம் சூடேறி, ஆவி திரியைத் தள்ளிக்கொண்டு பீறிடுகிறது. இதற்கு மருந்து திரியைக் குறுக்குவதன்று. கலத்தை உலைக்கூட்டுக்கு வெளியே தள்ளி வைத்து, ஒரு நீண்ட மெல்லிய குழாயால் திரிக்குழாய்களோடு இணைக்கவேண்டும். கலத்துக்கும் சுடருக்கும் நடுவே ஒரு தகட்டை மறைப்பாக நிறுத்தவேண்டும். கையால் தொட்டுப் பார்த்தால் கலம் வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது.

கலத்தைத் தள்ளி வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். அதில் மட்டம் உயர்ந்திருக்கும்போது திரி நனைந்து சொட்டும், மட்டம் இறங்கியதும் திரி காயும். இதற்கு விடை நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கப் போத்தலை ஒரு தட்டில் கவிழ்த்து வைப்போம் அல்லவா? தட்டில் நீர் குறைந்து போத்தலின் வாய் வெளிப்பட்டால் மட்டுமே சிறிது காற்று உள்ளே போகும், அந்த அளவு நீர் வெளியே வரும். தட்டின் மட்டம் மாறாது. மாதிரிப் புகைவண்டி செய்யும் ஆங்கிலேயர் தங்கள் ஸ்பிரிட் விளக்குக்கு இதே முறையைக் கையாண்டு, கோழித்தீனியின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். இந்த முறையில் கவிழ்த்த போத்தல் காற்றுப் புகாதபடி இறுக மூடியிருக்கவேண்டும். மூச்சுத்துளை கீழ்த்தட்டுக்குத்தான். ஒரு விளக்கில் மருந்தாகும் துளை இன்னொரு விளக்கில் நோயாகும்.

மூன்றாவது, திரி. சுடர் தொடக்கம் முதலே பலவீனமாக இருந்து, திரியின் நுனி கருகிப்போனால், ஸ்பிரிட் அங்கு வந்து சேரவில்லை என்று பொருள். விளக்கில் எரிவது திரியன்று, திரியிலிருந்து எழும் ஆவி. ஈரமாக இருக்கும்வரை பருத்தித்திரி கருகாது. ஒன்றில் திரி கலத்தின் அடியைத் தொடவில்லை, அல்லது குழாயில் அளவுக்கு மீறித் திணித்திருக்கிறது. நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள்தாம் ஸ்பிரிட்டை மேலே இழுக்கின்றன. திணித்து இறுக்கினால் அந்த வழி அடைபடும். அதற்காகத் தளர விடவும் கூடாது. நெருப்பு ஒடுங்கிய துளைகளின் வழியாகக் கடந்து செல்லமாட்டாது என்ற உண்மையைக் கொண்டே ஹம்ப்ரி டேவி 1815இல் சுரங்கத் தொழிலாளருக்குக் கம்பிவலை விளக்கைச் செய்து கொடுத்தார். குழாயை நிறைத்து நிற்கும் திரி அந்தக் கம்பிவலையின் வேலையையும் செய்கிறது. தளர்ந்த திரியின் ஓரமாகச் சுடர் கலத்துக்குள் இறங்க இடமுண்டு. ஸ்பிரிட் ஏறவேண்டும், நெருப்பு இறங்கக்கூடாது. திரியின் பதம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பழைய நூல்களில் கல்நார்த் திரி என்று எழுதியிருப்பார்கள். கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று உறுதியானது. பருத்தி நூலே போதும்.

நான்காவது, வெளியே நீலமாக எரியும் சுடர் கொதிகலனுக்கு அடியில் போனதும் மஞ்சளாகி, பக்கங்களால் நாக்கை நீட்டி, கண்ணைக் கரிக்கும் மணம் தருவது. உலைக்கூட்டுக்குள் போதிய காற்று நுழையவில்லை, அல்லது எரிந்த வாயு வெளியேற வழியில்லை. கீழே நுழைவாயிலும் மேலே போக்குவாயிலும் இரண்டும் வேண்டும். திரியின் நுனி கொதிகலனை மிக நெருங்கினாலும் இந்நிலை வரும். எரிந்து முடியுமுன் குளிர்ந்த செம்பில் மோதும் சுடர் அரைகுறையாக அணைகிறது. ஒரு விரல் அகலம் இறக்கிப் பாருங்கள், வெப்பம் கூடும். ஆலங்குடாவில் தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் வாசலில் வைத்துச் சோதிப்பவர்கள் சுற்றிலும் மறைப்புக் கட்டாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

“ஸ்பிரிட் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன?” என்று கேட்பார்கள். ஊற்றினால் கரிதான் கிடைக்கும். எதனோல் மூலக்கூறில் காபன் அணுக்கள் இரண்டே. ஒட்சிசனும் அதிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெயிலோ பத்துக்கு மேற்பட்ட காபன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அவற்றை முழுதாக எரிக்கச் சிம்னியின் இழுப்பு வேண்டும். அது இல்லாதபோது எரியாத காபன் கொதிகலனின் அடியில் போர்வையாகப் படிந்து, வெப்பத்தையே தடுத்துவிடும்.

இதுவரை சொன்னவை விளக்கை எரிய வைப்பதற்கான வழிகள். ஆளை எரிக்காதிருப்பதற்கான வழிகளை இனிச் சொல்லவேண்டும்.

ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று எண்ணி, போத்தலிலிருந்து நேராக மறுபடி ஊற்றுபவனின் கைக்கு நெருப்பு ஓடி வருகிறது. பாதிக் கலம் காலியாக இருந்தால் ஆபத்துக் குறைவு என்பதும் தவறு. காற்றில் எதனோல் ஆவி நூற்றுக்கு 3 முதல் 19 பங்கு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். நம் நாட்டின் வெப்பநிலையில், ஏறத்தாழ 30 பாகையில், மூடிய கலத்தின் வெற்றிடத்தில் சேரும் ஆவி ஏறத்தாழ 10 பங்கு. சரியாக நடுவில் நிற்கிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்குக் கீழே பற்றுவதற்குப் போதிய ஆவி தராது. ஆகவே நம் ஊரில் பாதி காலியான ஸ்பிரிட் கலம் நிறைந்த கலத்தைவிட அஞ்சத்தக்கது. விளக்கை அணைத்து, கலம் ஆறி, பத்து நிமிடம் கழியும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. ஊற்றும் போத்தலை மூடி எட்டத்தில் வைத்த பிறகே தீக்குச்சியை எடுக்கவேண்டும்.

கொதிகலனுக்கு ஒருபோதும் பால்மாப் பேணியைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1600 பங்கு இடத்தைக் கேட்கிறது. மூடிய பேணி அந்த இடத்தைத் தராமல் வெடிக்கும். கொதிகலன் தெரிந்தவர் கையால் செம்பில் செய்ததாக, பாதுகாப்பு வால்வு உடையதாக இருக்கவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். சாதாரண ஈயப் பற்றாசு 183 பாகை அளவில் உருகத் தொடங்கும். நீர் உள்ளே இருக்கும்வரை அது தாங்கும். நீர் வற்றினால் பொருத்துக்கள் கழன்றுவிடும்.

நீர் வற்றாமல் காப்பது எப்படி? விழித்திருந்து பார்த்துக்கொள் என்பது ஒரு விடை. அதைவிட நல்ல விடை ஒன்று உண்டு. நீர் முடியுமுன் ஸ்பிரிட் முடிந்துவிடும்படி அளவு வைப்பது. 100 மில்லிலீற்றர் நீரை முழுதும் ஆவியாக்க, வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால், 12 மில்லிலீற்றர் எதனோல் போதும். ஆனால் வீட்டில் செய்த விளக்கின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு நீரைச் சேர்ந்தாலே பெரிது. அப்படியானால் நீரை வற்றச் செய்ய 36 மில்லிலீற்றர் வேண்டும். கலத்தில் 20 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளாதபடி செய்துவிட்டால், மாணவன் மறந்தாலும் விளக்கு மறக்காது. கொதிகலனில் நீர் இருக்கும்போதே சுடர் தானாக அணைந்துவிடும். முதல் ஓட்டத்தின் பின் மிஞ்சிய நீரை அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

மனிதனின் மறதியைப் பொறுத்துக்கொள்ளும்படி பொருளைச் செய்யவேண்டும் என்ற இந்த நெறி விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரியதன்று. ஆலங்குடாவுக்கு அது நன்றாகத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, கற்பிட்டிக் குடாநாட்டில் ஆலங்குடாவும் அவர்களுக்கு இடம் கொடுத்தது. கிடுகுக் கொட்டில்களில் முகாம்கள் எழுந்தன. அத்தகைய கொட்டிலுக்கு வெளிச்சம் என்பது குப்பி விளக்கு. ஒரு வெற்றுப் போத்தல், தகர மூடியில் ஒரு துளை, பழந்துணித் திரி. வீட்டில் செய்த சுடர் அடுப்பின் உறவுக்காரன்தான் அதுவும். உயரமான மெல்லிய போத்தல் ஒரு குழந்தையின் கை பட்டால் சரியும். உருளும். திருகாத மூடி கழன்று மண்ணெண்ணெய் கொட்டும். சுவரும் கூரையும் கிடுகு. அந்த வெளிச்சத்தில் பாடம் படித்த பிள்ளைக்கும், சோறு ஆக்கிய உம்மாவுக்கும் ஆபத்து எவ்வளவு அருகில் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நாட்டின் பல ஊர்களில் அப்படி எரிந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர்களில் ஒருவர் விஜய கொடகும்புர. கவனமாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்வதோடு அவர் நின்றிருக்கலாம். அவர் போத்தலைப் பார்த்தார். மார்மைற் போத்தல் ஏன் எளிதில் சரிவதில்லை என்று எண்ணினார். குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகி மூடும் உலோக மூடியோடு ஒரு சிறு விளக்கை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பழைய கண்ணாடியை உருக்கி, ஏழைகள் வாங்கக்கூடிய விலையில் அது செய்யப்பட்டது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் அதே ஆண்டுகளில், எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும்படி மக்கள் விளக்குச் செய்தார்கள். சிக்கனத்துக்காகச் செய்த அந்த விளக்கில் எண்ணெயும் சிறிது, சுடரும் அடக்கம்.

மின்சாரம் வந்துவிட்டதால் இவை பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்ட தடங்கலால் நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நிலக்கரி இருந்தது, நெருப்பு இருந்தது, நீர் இருந்தது. நோய் வேறோர் ஊரில் இருந்தது. அவற்றை மீண்டும் இயக்கும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இருட்டு வந்த இரவுகளில் கைகள் தேடுவது மெழுகுதிரியையும் குப்பி விளக்கையும்தான்.

எனவே, நேயர்களே, கண்காட்சி மேசையில் ஒரு பிள்ளையின் சுடர் படுத்துவிட்டால் “சரியில்லை” என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். மூச்சுத்துளை இருக்கிறதா, கலம் சுடுகிறதா, திரி அடியைத் தொடுகிறதா, ஸ்பிரிட் நீருக்கு முந்தி முடியுமா என்று கேளுங்கள். அந்த நாலு கேள்விகளையும் தானே கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒரு வீட்டின் விளக்கையோ ஓர் ஊரின் மின்நிலையத்தையோ பொறுப்பேற்கும்போது, நெருப்பைக் கூட்டுவதற்கு முன் நோயைத் தேடுவான்.